கல்விக் கொடையாளர் அழகப்பச் செட்டியார்

ஈகையைப் போற்றாத தமிழ் நூல் இல்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், தன் தலையையே கொடுக்கத் துணிந்த குமணனையும் நம் மாணாக்கர் கீழ்வகுப்பிலேயே அறிந்துகொள்கின்றனர். அவ்வள்ளல்கள் நாடாண்டவர்கள், தம் மண்ணின் விளைவை வாரி வழங்கினர். இக்காலத்திலோ முடியுடை வேந்தரும் இல்லை; வேளிரும் இல்லை. பெரும்பொருள் திரள்வது வங்கிகளிலும் ஆலைகளிலும் வணிகக் கொம்பனிகளிலுமேயாம். ஆதலின், ஊரின் இளையோருக்கும் பொதுநலத்துக்கும் உதவும் கடன் இன்று வணிகர்பால் வந்து நிற்கின்றது. அக்கடனை அவர்கள் எவ்வாறு ஆற்றுதல் வேண்டும் என்பதே கேள்வி.

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. யான் பிறந்த ஊர் இறக்கக்கண்டி. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் சாலையில், களப்பும் கடலும் கலக்கும் இடத்தில் அமைந்தது அவ்வூர். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி எங்கள் கரையை அழித்தபோது, யான் ஆசிரியப் பணியிற் புகுந்த புதிது. அதன் பின்னர் உதவி பல திசைகளிலிருந்தும் வந்தது. உண்ண உணவும் உடுக்க உடையும் தந்தோரை ஒருநாளும் மறத்தலாகாது. ஆனால் சில கொடைகள் வந்த வேகத்திலேயே மறைந்தன. பெயர் பொறித்த பைகள் இரண்டு தவணைக்குள் கிழிந்தன. யான் அறிந்த ஒரு சிறு பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறுவனம் கணினிகள் சில கொடுத்தது. படம் பிடித்தார்கள், சென்றார்கள். கற்பிக்க ஆசிரியரும் இல்லை. பழுது பார்க்கப் பணமும் இல்லை. உப்புக் காற்றிலே அவை துருவேறிக் கிடந்தன. கொடுத்தவர் மனம் தீயதன்று. கொடுத்த முறையிலேதான் குறை இருந்தது. முறையறிந்து கொடுத்த ஒரு வணிகரின் வாழ்க்கையை இவ்விதழ் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விரும்பியதற்கு இதுவே காரணம்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு தொடர்பை நினைவூட்டுதல் தகும. திருகோணமலை மண்ணில் கல்விப் பணி புரிந்த விபுலாநந்த அடிகளை அறியாதார் நம்முள் இலர். அவர் 1931 ஆம் ஆண்டிலே சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அப்பல்கலைக்கழகம் அரசரால் ஆக்கப்பட்டதன்று. செட்டிநாட்டு வணிகப் பெருமகனாகிய சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929 ஆம் ஆண்டில் எழுந்தது. ஒரு வணிகரின் பொருள், நம் கரையில் தொண்டாற்றிய துறவி ஒருவருக்குத் தமிழாராயப் பீடம் அமைத்தது. அதே செட்டிநாட்டில், அவருக்கு அடுத்த தலைமுறையில் தோன்றியவரே யாம் ஈண்டுக் கூறப்போகும் அழகப்பச் செட்டியார்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் அவர்தம் மரபினர் கடல் கடந்து வட்டித்தொழில் நடத்தியவர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் நிறைந்திருந்தன. நம் நாட்டிலும் கொழும்புச் செட்டியார் தெரு அவர்கள் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றது. வரவில் ஒரு பங்கை மகமை என்று கணக்கெழுதி அறத்துக்கு ஒதுக்குதல் அம்மரபினர் வழக்கம். திருக்கோயில் திருப்பணி, சத்திரம், குளம், வேதபாடசாலை ஆகியன அம்மகமையால் வளர்ந்தன. மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. 1930 ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் விலைவீழ்ச்சி ஏற்பட்டபோது, கடன் தீர்க்கவியலாத பர்மிய உழவர்களின் வயல்கள் வட்டிக்கடையார் கைக்கு மாறின. அதனால் விளைந்த மனக்கசப்பு நெடுங்காலம் நின்றது. வணிகத்தில் ஈட்டிய பொருளுக்கு ஊர் நன்மையும் உண்டு. ஊர்ப் பழியும் உண்டு. இரண்டையும் கண்டு வளர்ந்த தலைமுறையைச் சார்ந்தவர் அழகப்பர்.

அக்காலத்து நகரத்தார் சிறுவர் கணக்கும் எழுத்தும் கற்றவுடன் கடல் கடந்த கடைகளிற் பணி பயிலச் செல்வர். அழகப்பர் அவ்வழிச் செல்லவில்லை. காரைக்குடியில் தொடக்கக் கல்வி கற்று, சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம். ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டியதே. பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார். இலண்டனில் ஒரு வங்கியிலே பயிற்சி பெற்றார். ஆகாய விமானம் ஓட்டவும் கற்றார். செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இவ்வளவும் கற்றது வியப்பன்று என்று கூறுவாரும் உளர். ஆயினும் கற்றதை அவர் எங்கே செலவிட்டார் என்பதை நோக்கும்போதே அக்கல்வியின் பயன் விளங்கும்.

தாயகம் திரும்பிய அழகப்பர் வட்டித்தொழிலை விடுத்துக் கைத்தொழிலில் இறங்கினார். அந்நாளில் கொச்சிச் சமஸ்தானமாயிருந்த திருச்சூர்ப் பகுதியில் 1937 ஆம் ஆண்டிலே பஞ்சாலை ஒன்றை நிறுவினார். அவ்வாலையைச் சூழ்ந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகின்றது. மலாயாவில் றப்பர்த் தோட்டம், காப்புறுதிக் கொம்பனி, பங்கு வாணிகம், ஈற்றில் ஜூபிடர் என்னும் பெயருடைய விமானக் கொம்பனி என அவருடைய முயற்சிகள் விரிந்தன. முப்பது வயதுக்குட் பெருஞ்செல்வராய், நாற்பதை எட்டுமுன் சர் பட்டமும் பெற்றார். பாரதம் விடுதலை பெற்றதும் அப்பட்டத்தைத் துறந்தார்.

அவருடைய கல்விக் கொடைகளுட் பெரிதும் பேசப்படுவது 1944 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் விளங்கிய காலம் அது. தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று அமைத்தற்கென அழகப்பர் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கினார். இரசாயனப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகிய துறைகள் அங்கே வளர்ந்தன. ஆலைகள் பெருகும் நாட்டில் அவ்வாலைகளை நடத்துவோரை அயல்நாட்டிலிருந்து அழைத்தல் வேண்டா, நம் பிள்ளைகளே பயிலட்டும் என்பது அக்கொடையின் உட்பொருள். பஞ்சாலை நடத்தியவர் பஞ்சாலைக்கு வேண்டும் அறிவை வளர்க்கப் பொருள் தந்தார். இதனாலே அவர் ஆலைக்கும் ஆதாயம் உண்டு என்று சொல்லலாம். ஆயினும் கல்லூரியைத் தம் ஆலையின் கிளையாக வைத்துக்கொள்ளாது பல்கலைக்கழகத்தின் கையில் ஒப்படைத்தார். அவருடைய பிற்காலக் கொடைகளுக்கெல்லாம் இதுவே முன்மாதிரியாயிற்று. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சி வளர்தற்கும் ஓரிலட்சம் ரூபாய் வழங்கியமை தமிழாசிரியராகிய எம்மனோர் சிறப்பாக நினைந்து நன்றி கூறத்தக்கது.

1947 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அங்கே துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார், கல்லூரிகள் எல்லாம் பெருநகரங்களிலேயே குவிந்திருத்தலை எடுத்துக்காட்டி, உள்மாவட்டங்களிலும் கல்லூரி நிறுவச் செல்வர் முன்வரல் வேண்டும் என்று வேண்டினார். அவையிலிருந்த அழகப்பர் எழுந்து, காரைக்குடியிற் கல்லூரி தொடங்கும் பொறுப்பைத் தாம் ஏற்பதாக அப்போதே அறிவித்தார். அவையில் வாக்களித்துப் பின் மறத்தல் உலகத்தில் அரிய செய்தியன்று. இவரோ அடுத்த மாதமே, ஆகஸ்ட் 11 ஆம் நாள், விடுதலை நாளுக்கு நான்கு நாள் முன்பாக, காரைக்குடியில் கிடைத்த ஒரு மாளிகையிலேயே கலைக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். சொந்தக் கட்டடம் எழும்வரை காத்திருந்தால் அவ்வாண்டுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு வீணாகும் அன்றோ!

காரைக்குடி வானம் பார்த்த பூமி. மழை குறைவு, ஆறு இல்லை. செட்டிநாட்டு மாளிகைகள் வானளாவி நின்றாலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களின் பிள்ளைகள் வறியவர்கள். உயர்கல்வி வேண்டின் மதுரைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ சென்னைக்கோ செல்லல் வேண்டும். வழிச்செலவும் விடுதிச் செலவும் ஏழைத் தந்தையர்க்கு எட்டாக்கனி. கல்லூரி அங்கே சென்றதனால் அப்பிள்ளைகள் வீட்டிலே உண்டு, நடந்து சென்று பட்டம் பெறல் இயல்வதாயிற்று. கல்வியை எங்கே வைத்தல் வேண்டும் என்பதை அழகப்பர் நன்கு அறிந்திருந்தார். இறக்கக்கண்டியிலும் குச்சவெளியிலும் இருந்து உயர்வகுப்புக்காக நகரம் நோக்கிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு இது நினைவில் வருவதுண்டு.

அடுத்து வந்தது அவருடைய கொடைகளுள் தலையாயது. விடுதலை பெற்ற பாரதம் நாடெங்கும் தேசிய ஆராய்ச்சி நிலையங்களை நிறுவ முனைந்தபோது, விஞ்ஞானி சாந்தி சுவரூப் பட்நாகர் அம்முயற்சியை நடத்தினார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் அமைதல் வேண்டும் என்று விரும்பிய அழகப்பர், அதன்பொருட்டு முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்து வைத்தார். மின்கலம், மின்முலாம், உலோகங்களைப் பற்றும் துரு ஆகியன அங்கே ஆராயப்படுவனவற்றுட் சில. கடற்காற்றிலே இரும்பு எவ்வாறு அரிக்கப்படுகின்றது என்பதை அளந்தறிய மண்டபத்துக் கடற்கரையிலும் அந்நிலையம் ஒரு கிளையை அமைத்தது. தோணியின் ஆணியும் இயந்திரமும் துருப்பிடித்து வருந்தும் நம் மீனவர்க்கு, அவ்வாராய்ச்சி எத்துணை நெருங்கிய பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையத்தையும் அவர் தம் உடைமையாக வைத்துக்கொள்ளவில்லை, நாட்டுக்கே அளித்துவிட்டார். அதன்பின் காரைக்குடியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்விச்சாலைகள் எழுந்தன. 1950 ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும், 1952 ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரியும் தோன்றின. பலதொழில் பயிலகம், உடற்கல்விக் கல்லூரி, இளஞ்சிறார் பள்ளி, பெண்கள் கல்லூரி ஆகியனவும் அவ்வளாகத்திலே அமைந்தன. தொட்டில் விட்ட குழந்தை முதல் ஆராய்ச்சி செய்யும் அறிஞர் வரை ஒரே ஊரில் கற்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. ஆசிரியரை ஆக்கும் கல்லூரியையும் அவர் மறவாமை நோக்கத்தக்கது. கட்டடம் தந்து ஆசிரியரைத் தராதவன் கூடு தந்து கிளியைத் தராதவனை ஒப்பான். பெண்கல்விக்கு இடம் வேண்டியபோது தாம் குடியிருந்த மாளிகையையே அவர் வழங்கினார். மிகுந்ததைக் கொடுத்தல் செல்வர் பலர்க்கும் இயல்வது. இருக்கும் வீட்டைக் கொடுத்தல் மிகச் சிலர்க்கே இயல்வது.

அவருடைய வாழ்க்கை மலர்ப்படுக்கையன்று. தொழுநோய் அவர் உடலை நெடுங்காலம் வருத்தியது. இக்காலத்தில் அந்நோய் மருந்தினாற் குணமாவது; அன்றோ, அது கண்டாரை விலகச் செய்யும் நோய். விருந்துக்கும் அவைக்கும் அழைக்கப்பெறும் பெருஞ்செல்வர் ஒருவர் அந்நோயோடு மன்றில் எழுந்து நின்று பேசுதற்கு எத்துணை நெஞ்சுறுதி வேண்டும்! வணிகமும் எப்போதும் ஏறுமுகமாக இருக்கவில்லை. விமானக் கொம்பனி நிலைக்கவில்லை. செல்வம் சுருங்கிய காலத்திலும் கல்லூரிக் கொடைகள் சுருங்கவில்லை. தமக்குப் பின்னும் கல்விச்சாலைகள் தொடர்ந்து நடத்தற்பொருட்டு அறக்கட்டளை ஒன்றை நிறுவி, அதன் பொறுப்பில் அவற்றை வைத்தார். 1956 ஆம் ஆண்டு பாரத அரசு பத்மபூஷண் விருதளித்து அவரைச் சிறப்பித்தது. மறு ஆண்டு, 1957 ஏப்ரல் 5 ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பாக, அவர் உலக வாழ்வை நீத்தார்.

செல்வர் மறைந்தவுடன் அவர் தொடங்கியவையும் மறைதல் நாம் காணும் காட்சி. அழகப்பரின் கொடைகளுக்கு அவ்வாறு நேரவில்லை. சென்னையில் அவர் அமைத்த தொழில்நுட்பக் கல்லூரி 1978 ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. காரைக்குடியில் அவர் நட்ட கல்விச்சாலைகளை அடிப்படையாகக் கொண்டு தமிழ்நாட்டு அரசு 1985 ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. மின்வேதியியல் நிலையமும் அங்கேயே நின்று பணி செய்கின்றது. அவர் கொடுத்தபோது எண்ணிய தொகை பெரிதுதான். ஆயினும் தொகை பெரிதாயிருந்தமையால் மட்டும் இவை நிலைக்கவில்லை. நிலம், கட்டடம், ஆசிரியர், ஆளும் அவை ஆகிய நான்கையும் ஒருங்கே அமைத்து, தம் கையினின்றும் விடுத்துப் பொதுவிற் சேர்த்தமையாலேயே நிலைத்தன. பல்கலைக்கழகத்துக்கு உரியதை அதனிடமும், நாட்டுக்கு உரியதை நாட்டினிடமும், எஞ்சியதை அறக்கட்டளையினிடமும் அவர் ஒப்படைத்தார்.

இத்தகையார் பிறரும் உளர். பம்பாய் வணிகர் ஜம்ஷெட்ஜி தாதா 1892 ஆம் ஆண்டிலே இளைஞர் அயல்நாடு சென்று கற்க நிதியமொன்று அமைத்தார். பெங்களூரில் 1909 ஆம் ஆண்டு தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகமும் அவர் வைத்த நிதியின் பயனே. தனியார் மனவிருப்பத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாதெனக் கருதிய பாரத அரசு, 2013 ஆம் ஆண்டுக் கொம்பனிச் சட்டத்தின் வாயிலாக, குறித்த அளவுக்கு மேற்பட்ட கொம்பனிகள் தம் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலத்துக்குச் செலவிடல் வேண்டும் என்று விதித்தது. நகரத்தார் மகமை என்று விரும்பி ஒதுக்கியது, இன்று சட்ட ஏட்டில் ஏறி நிற்கின்றது.

இங்கே ஒரு மறுப்பையும் கருதல் வேண்டும். ஆலைத் தொழிலாளிக்குக் கூலி குறைத்து அப்பணத்திற் கல்லூரி கட்டுதல் அறமாகுமா என்று வினவுவோர் உளர். ஆகாது என்பதே நேர்மையான விடை. கூலியும் வரியும் முதற்கடன். கொடை அதற்குப் பின்னரே வைக்கத்தக்கது. அரசு செய்யக் கடமைப்பட்டதைக் கொடையாளரின் தலையில் ஏற்றி ஆறுதலடைதலும் பிழையாம். ஆயினும் அரசு வரும்வரை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காத்திருத்தல் இயலாது. அந்த இடைவெளியை நிரப்பியவர் என்றே அழகப்பரை யாம் போற்றுகின்றோம்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று வணிகராகவும், கொம்பனிகளின் மேலாளராகவும், கடல் கடந்த நாடுகளில் நற்பணியினராகவும் விளங்குகின்றனர். விழாக் காலத்திற் கல்லூரியை நினைந்து பொருள் அனுப்புவோரும் அவருட் பலர். அவர்கள் அன்பை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. பரிசுக் கிண்ணங்களும் விழாப் பந்தல்களும் வேண்டுவனவே. எனினும் இம்மகிழ்ச்சிக் காலத்தில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கத் துணிகின்றேன். முதலைத் தொடாது வட்டியை மட்டும் செலவிடும் நிதியமொன்றை அமைப்போமாக. கல்லூரியும் பழைய மாணவர் சங்கமும் பெற்றோரும் சேர்ந்து அதனை ஆளட்டும். ஆண்டுதோறும் கணக்கு இவ்விதழிலேயே அச்சாகட்டும். கரையோரச் சிற்றூர்களிலிருந்து வரும் வறிய பிள்ளைகள் இருவருக்கேனும் பேருந்துச் செலவும் விடுதிச் செலவும் அதிலிருந்து கிடைக்கட்டும். இயலுமாயின் விஞ்ஞானகூடத்துக்கு உதவியாளர் ஒருவரின் சம்பளமும் சேரட்டும். எவர் பெயரும் அதற்குச் சூட்ட வேண்டியதில்லை.

அழகப்பரைப் போல் முந்நூறு ஏக்கர் தருதல் நம்மனோர்க்கு இயலாது. அவர் கொடுத்த முறையைப் பின்பற்றல் இயலும். 2004 ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் எங்கள் ஊர்ப் பள்ளிச் சிறுவர் ஏந்தி நின்ற பைகள் இன்று இல்லை. அச்சிறுவர் வளர்ந்து தந்தையராகி, தம் பிள்ளைகளை இக்கல்லூரி வாயிலிற் கொண்டுவந்து நிறுத்தும் காலம் வந்துவிட்டது. அப்பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டுத் தோணி ஏறாதிருக்க, அந்நிதியம் இவ்வாண்டிலேயே தொடங்கப்பெறுதல் வேண்டும். கோணேசர் திருவருள் அம்முயற்சிக்குத் துணை நிற்பதாக.